ரெக்கார்டு நோட்டைக் கழுவிய நாள்

சரஸ்வதி பூஜையன்று காலை ஒன்பது இருபதுக்கு, கொல்லையில் கிணற்றடியில் நின்று, நான் ஈரத்துணியைப் பிழிந்தேன். நேரம் இவ்வளவு துல்லியமாக நினைவிருப்பதற்குக் காரணம் என் கணவர். அன்று திங்கட்கிழமை. ஒன்பது மணிவரை ராகு காலம். ஒன்பதரைக்குப் பூஜை தொடங்கிவிட வேண்டும் என்று கூடத்திலிருந்து ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் மணி சொல்லிக்கொண்டிருந்தார். "ஒன்பது இருபது ஆயாச்சு. புஸ்தகமெல்லாம் வந்தாச்சா?" என்று அவர் கேட்டது இன்றும் காதில் இருக்கிறது. ஒரு புத்தகம் மட்டும் இன்னும் வரவில்லை. அது என் கையில் இருந்தது.

அது என் மூத்த பெண்ணின் ரெக்கார்டு நோட்டு. அவள் அப்போது திருச்சியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ் படிப்பின் கடைசி வருஷத்தில் இருந்தாள். ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீதியிலிருந்து அந்தப் படிப்புக்குப் போனவள் அவள் ஒருத்திதான். என் கணவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். எதையும் நிபந்தனையோடுதான் ஒப்புக்கொள்வார். பெண் பிடிவாதம் பிடித்தாள், நான் இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தேன், அதற்குப் பிறகு அவர் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்: "கடைசிப் பரீட்சையை ஒரு தரம் எழுதலாம். ஏதாவது தவறிப்போச்சுன்னா மறுதரம்கிற பேச்சே கிடையாது, ஆத்துக்கு வந்துடணும்." அப்போது அது பெரிய சலுகையாகப் பட்டது. நானும் பள்ளி இறுதி வகுப்புத் தேறியவள். ஆசிரியைப் பயிற்சிக்கு விண்ணப்பம் எழுதி வைத்துவிட்டுக் கல்யாண மேடையில் உட்கார்ந்தவள். அவள் போகட்டும் என்று நான் நினைத்ததில் என் ஏக்கமும் கொஞ்சம் கலந்திருந்தது.

படிப்புக்கு அனுப்பினேனே தவிர, என் ஆசாரத்தை விடவில்லை. அவள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தால் வாசல் வழியாக வரக்கூடாது. கொல்லைச் சந்து வழியாக வந்து, கிணற்றடியில் தலைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டு, நான் கொடியில் போட்டிருக்கும் புடைவையைக் கட்டிக்கொண்டுதான் உள்ளே கால் வைக்க வேண்டும். கைக்கடிகாரம், குடை, பை எல்லாம் கிணற்றடி மாடத்தில் இருக்கும். திரும்பிப் போகும்போது அங்கேயே எடுத்துக்கொள்வாள். மூன்று வருஷமாக இதுதான் வழக்கம். மார்கழிக் குளிரிலும் அவள் முணுமுணுத்ததில்லை.

முதல்நாள் இரவு டூட்டி முடித்து அன்று விடியற்காலை வந்தவள், குளித்து, இரண்டு வாய் சாப்பிட்டு, அறையில் படுத்துத் தூங்கிவிட்டாள். கூடத்தில் பெருமாளுக்கு முன்னால் பலகை போட்டு, பட்டுத்துணி விரித்து, புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தோம். என் கணவரின் கணக்குப் புத்தகங்கள், சின்னவளின் ஏழாம் வகுப்புப் பாடங்கள், என்னுடைய பாசுரப் புத்தகம் எல்லாம் வந்துவிட்டன. மூத்தவளுடையது மட்டும் கிணற்றடியில் கிடந்தது. அடுத்த மாதம் அவளுக்குத்தான் பரீட்சை. வீட்டில் எல்லோருடைய புத்தகத்துக்கும் அனுக்கிரகம் கிடைக்க, பரீட்சை எழுதப்போகிறவளின் புத்தகம் மட்டும் வெளியில் கிடப்பதா என்று எனக்குத் தாங்கவில்லை.

போய்ப் பையிலிருந்து எடுத்தேன். நீலக் காலிகோத் துணியில் அட்டை போட்ட கனமான நோட்டு. அப்படியே உள்ளே கொண்டுபோக மனம் ஒப்பவில்லை. திறந்து பார்த்தேன். வார்டில் அவள் செய்த ஒவ்வொரு வேலையையும் கறுப்பு மையில் இங்கிலீஷில் எழுதியிருந்தாள். ஊசி போட்டது, புண்ணுக்குக் கட்டு மாற்றியது, எழுந்திருக்க முடியாதவரைப் படுக்கையிலேயே குளிப்பாட்டியது. வலது ஓரத்தில், வார்டை மேற்பார்க்கும் மூத்த நர்ஸான வார்டு சிஸ்டரின் கையெழுத்து. கடைசி வருஷம் முழுக்க ஒரே வார்டு என்பதால் எல்லாம் அந்த ஒரு சிஸ்டரின் கையெழுத்துதான். புரட்டிக்கொண்டே போனவள் ஒரு பக்கத்தில் நின்றுவிட்டேன். இறந்தவரின் உடலைத் துடைத்து, கண்களை மூடி, வாய்க்கட்டுக் கட்டி ஆயத்தம் செய்தது என்று இருந்தது. அடுத்த பக்கத்திலும் அதே. அதற்கடுத்ததிலும்.

அதற்குமேல் படிக்க எனக்குத் தைரியம் இல்லை. துணியை நனைத்துப் பிழிந்து, அட்டையைத் துடைத்தேன். பிறகு ஒவ்வொரு பக்கமாக, மேலிருந்து கீழாகத் துடைத்தேன். துடைக்கும்போது நான் நோட்டைப் பார்க்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு, எனக்குத் தெரிந்த ஸ்லோகத்தைச் சொல்லிக்கொண்டே துடைத்தேன். துணியில் நீலமாக ஏதோ ஒட்டியது. காலிகோ சாயம் போகிறது என்று நினைத்தேன். மறுபடியும் அலசிப் பிழிந்துகொண்டு மீதிப் பக்கங்களையும் துடைத்தேன். படித்தவள் செய்கிற காரியமா என்று கேட்டால், இல்லை. பிறகு நோட்டைப் பலகையில், அடுக்கின் மேலேயே வைத்தேன். என் கணவர் அதற்கும் சந்தனம் தெளித்துக் குங்குமம் வைத்தார். ஒன்றும் கேட்கவில்லை.

மூன்று மணிக்கு எழுந்து கிணற்றடிக்குப் போனவள் பதறிக்கொண்டு வந்தாள்.

"அம்மா, பையில ரெக்கார்டு இல்லையே!"

"உள்ளேதான் இருக்கு. அங்கே பாரு."

அடுக்கின் மேல் தன் நோட்டைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. சின்னக் குழந்தைபோலச் சிரித்தாள். "உள்ளேயே வெச்சுட்டியா!" என்றாள். அந்தச் சந்தோஷத்தைத்தான் என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை. உடனே கவலையும் வந்தது. "புதன்கிழமை காலம்பர பத்து மணிக்குள்ளே ட்யூட்டர்கிட்ட குடுத்தாகணும். குடுத்தாத்தான் பரீட்சை லிஸ்ட்டுல பேர். அப்புறம் லிஸ்ட்டு மெட்ராஸுக்குப் போயிடும்."

பூஜையில் வைத்த புத்தகத்தை மறுநாள் புனர்பூஜை முடியும்வரை தொடக்கூடாது. "நாளைக்கு விஜயதசமி, காலம்பரயே நானே கொண்டுவந்து தரேன், நீ கவலைப்படாதே" என்றேன். அவள் ஆறு மணிக்குள் விடுதிக்குத் திரும்ப வேண்டும். நிம்மதியாகப் போனாள்.

விஜயதசமியன்று காலை புனர்பூஜை ஆனதும், வழக்கப்படி அவரவர் புத்தகத்தை எடுத்து ஒரு பக்கம் படிக்க வேண்டும். சின்னவள் சரித்திரப் பாடத்தை இரைந்து படித்தாள். மூத்தவளுக்காக நான் படிக்கிறேன் என்று நோட்டை எடுத்தேன். பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. விரலை விட்டுப் பிரித்தேன். அவளுடைய கறுப்பு எழுத்து, அழியாத மை, அப்படியே இருந்தது. வலது ஓரத்தில் கையெழுத்து இருந்த இடத்தில் வெளிறிய நீலக் கறை மட்டும் இருந்தது. அடுத்த பக்கம், அதற்கடுத்த பக்கம், எல்லாம் அப்படியே. ஒரு பக்கத்திலாவது ஒரு எழுத்து தெரியாதா என்று கடைசிவரை புரட்டினேன். ஒன்றுகூட இல்லை.

என் கணவர் வாங்கிப் பார்த்தார். ஈரத்தில் புடைத்திருந்த தாளை விரலால் தடவினார்.

"என்ன பண்ணினே?"

சொன்னேன்.

"தீட்டைக் கழுவறேன்னு அவ படிப்பையே கழுவி விட்டுட்டியேடி" என்றார். குரலை உயர்த்தவில்லை. பிறகு, "நான் சொன்னது சொன்னதுதான். ஒரு தரம்தான்" என்று சொல்லிவிட்டு நோட்டைப் பலகையில் திரும்ப வைத்தார்.

நான் அதை ஒரு துண்டில் சுற்றிக்கொண்டு டவுன் பஸ் ஏறினேன். முதல்நாள் கட்டிய வாழைக்கன்று பஸ்ஸின் முகப்பில் வாடித் தொங்கிக்கொண்டிருந்தது. காவிரியில் இரு கரையும் தொட்டுத் தண்ணீர் போயிற்று. பாலத்தின் மேல் பஸ் போகும்போது, தண்ணீரைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. மலைக்கோட்டை பக்கம் கடைவாசல்களிலெல்லாம் உடைத்த பூசணிக்காய் குங்குமமும் சதையுமாகக் கிடந்தது. அவளிடம் எப்படிச் சொல்வது என்று ஆஸ்பத்திரி வாசல்வரை யோசித்தேன்.

விடுதி வராந்தாவில் நோட்டைப் பிரித்துப் பார்த்த என் பெண் அழவில்லை. நான்கைந்து பக்கம் புரட்டிவிட்டு மூடினாள்.

"எதுக்கும்மா கழுவினே?"

"உள்ளே வைக்கணும்னு ஆசையா இருந்ததுடி. அப்படியே எப்படி வைக்கறது?"

"அதான். என்னையும் கழுவித்தானே உள்ளே விடறே" என்றாள்.

நான் நோட்டை வாங்கித் திரும்பத் துண்டில் சுற்றினேன்.

பாடம் நடத்தும் ட்யூட்டர் அம்மாளின் வீடு அதே வளாகத்தில்தான். விடுமுறை என்றாலும் எங்களை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். நான் நடந்ததைச் சொல்லச் சொல்ல, அவர் முகத்தில் கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகமாக இருந்தது.

"புஸ்தகத்தைக் குளிப்பாட்டினவங்களை நான் இப்பத்தாம்மா பாக்கறேன்" என்றார்.

"என்மேலதான் தப்பு. நான்தான் பண்ணினேன்னு எழுதிக் குடுத்துடறேன். அவளை விட்டுடுங்கோ."

"நீங்க எழுதிக் குடுத்தா அது லெட்டரு. எனக்கு வேணுங்கறது கையெழுத்து. இதை இப்படியே அனுப்பிச்சா, கையெழுத்தைத் திருட்டுத்தனமா போட்டுட்டு அழிச்சிருக்காங்கன்னு சொல்லுவாங்க. உங்க பொண்ணு பேர்தான் கெட்டுப்போகும்." சற்று யோசித்துவிட்டு, "சிஸ்டர் திரும்பப் போட்டுக் குடுத்தா ஏத்துக்கறேன். நாளைக்குப் பத்து மணிவரைக்கும் டைம். ஆனா அவங்க லீவுல இல்ல போயிருக்காங்க?" என்றார்.

"வையம்பட்டி, அண்ணா ஆத்துக்கு" என்றாள் என் பெண். வாய் தவறி வீட்டுப் பேச்சு வந்துவிட்டது அவளுக்கு. "மாதா கோயில் பக்கத்துல வீடுன்னு சொல்லியிருக்காங்க. வியாழக்கிழமைதான் டூட்டிக்கு வருவாங்க."

வியாழக்கிழமை என்பது ஒரு நாள் தாமதம். அந்த ஒரு நாளில் மூன்று வருஷமும் போய்விடும்.

என் பெண்ணுக்கு அன்று மத்தியானம் டூட்டி. வார்டை விட்டு வர முடியாது. நான் போகிறேன் என்றேன். "நீயா? தனியாவா?" என்று கேட்டாள். திருச்சியைத் தாண்டித் தனியாக நான் போனதே இல்லை என்பது அவளுக்குத் தெரியும். பஸ் நிலையம்வரை வந்து, கண்டக்டரிடம், "அம்மாவை வையம்பட்டியில பாத்து இறக்கி விட்டுடுங்க" என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

பஸ் எல்லா ஊரிலும் நின்றது. மணப்பாறையில் அரைமணி நேரம் நகரவே இல்லை. நான் மடியில் நோட்டை வைத்துக்கொண்டு, டிரைவரின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஒரு விவசாயி, கடலைக்காட்டுக்கு மழை போதவில்லை என்று பேசிக்கொண்டே வந்தார். திடீரென்று, "என்னம்மா, யாருக்காச்சும் உடம்புக்கு ஆகலையா?" என்று கேட்டார். என் முகம் அப்படி இருந்திருக்கிறது.

இரண்டரை மணி வெயிலில் மாதா கோயிலைக் கேட்டுக் கேட்டு நடந்தேன். சிஸ்டரின் அண்ணன் மனைவி கதவைத் திறந்தாள். மாவு அரைத்துக்கொண்டிருந்த கை.

"அவங்க இல்லீங்களே. காலைல முத பஸ்ஸுக்குத்தான் திண்டுக்கல் போனாங்க. அங்க எங்க சொந்தத்துல ஒரு குழந்தைக்கு ஞானஸ்நானம்."

"சாயங்காலம் திரும்பி வந்துடுவாளா?"

"இல்லீங்க. அங்கேர்ந்து நேரா திருச்சிக்குப் போயிடறேன்னு சொன்னாங்க. நாளன்னிக்குத்தானே டூட்டி."

"திண்டுக்கல்லுல எந்த வீடு?"

"எனக்குச் சரியாத் தெரியாதுங்க. எங்க வீட்டுக்காரருக்குத்தான் தெரியும். அவரு தோட்டத்துக்குப் போயிருக்காரு, பொழுது சாய்ஞ்சுதான் வருவாரு."

என் கடைசி பஸ் அதற்கு முன்னால் போய்விடும். முன்பின் தெரியாத அந்தப் பெண்ணின் முன்னால் நான் நின்றபடியே அழுதேன். வீதியில் போகிறவர்கள் பார்த்தார்கள். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனால் நிறுத்த முடியவில்லை. அவள் பதறிப்போய்க் கையைத் துடைத்துக்கொண்டு, உள்ளேயிருந்து ஒரு சொம்பு தண்ணீரைக் கொண்டுவந்து நீட்டி, "அழாதீங்கம்மா, என்னன்னு சொல்லுங்க" என்றாள். நோட்டைப் பிரித்துக் காட்டினேன். "கழுவிட்டீங்களா?" என்று கேட்டு, என் முகத்தையும் நெற்றியையும் கட்டியிருந்த ஒன்பது கஜத்தையும் ஒரு தரம் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது.

நாள்காட்டியிலிருந்து ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்தாள். அதன் பின்பக்கத்தில் எழுதினேன். என்ன எழுதினேன் என்று முழுவதும் நினைவில்லை. "உங்கள் கையெழுத்தை என் கையாலேயே கழுவிவிட்டேன். என் பெண் ஒரு பாவமும் அறியாதவள். நாளைக் காலை பத்து மணி" என்ற வரிகள் மட்டும் நினைவிருக்கின்றன. "எங்க வீட்டுக்காரரு வந்ததும் குடுக்கறேன். அவரு போவாரா என்னான்னு தெரியலைங்க. பாப்போம்" என்றாள். அந்தப் "பாப்போம்" ஒன்றைத்தான் திரும்பும் வழி நெடுகப் பிடித்துக்கொண்டு வந்தேன். திண்டுக்கல் என்ன அடுத்த தெருவா? யாரோ ஒரு வைதிக வீட்டு அம்மாள் அழுதாள் என்பதற்காக, தோட்டத்தில் உழைத்துவிட்டு வந்த மனிதர் பஸ் ஏறுவாரா?

வீட்டுக்கு வந்து கணவரிடம் ஒன்றையும் மறைக்கவில்லை. அவர் கேட்டுக்கொண்டார். சாப்பிட்டார். "நாளைக்குப் போய் அவளோட பெட்டியைக் கட்டிண்டு வந்துடு" என்றார். அப்போதுதான் எனக்கு உண்மையாகவே பயம் வந்தது. அதுவரை இருந்தது வெறும் பதற்றம்.

புதன்கிழமை எட்டு மணிக்கெல்லாம் நர்ஸிங் பள்ளி வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பெட்டி கட்டக் கயிறு கொண்டுவரவில்லை. அதுதான் நான் காட்டிய ஒரே எதிர்ப்பு. மாணவிகள் வெள்ளைச் சீருடையில் வரிசையாக வந்து தங்கள் நோட்டுகளை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார்கள். ட்யூட்டர் ஒவ்வொன்றையும் திறந்து கையெழுத்துகளைப் பார்த்துவிட்டுப் பட்டியலில் ஒரு கோடு போட்டார். ஒன்பதரைக்கு என் பெண் வார்டிலிருந்து அனுமதி வாங்கிக்கொண்டு வந்தாள். என் பக்கத்தில் உட்காரவில்லை. தூணோரமாக நின்றாள். டூட்டியில் இருக்கும்போது அவளை நான் பார்த்தது அன்றுதான் முதல் தடவை. தலையில் அந்த வெள்ளைத் தொப்பியோடு, யாரோ பெரிய மனுஷிபோல இருந்தாள். அவளைத் தொட வேண்டும்போல இருந்தது. எழுந்து போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் விலக்கவில்லை, திரும்பிப் பிடிக்கவும் இல்லை.

ஒன்பது நாற்பதுக்கு ட்யூட்டர் பட்டியலை மடித்தார். பழுப்பு உறையை எடுத்தார். பியூன் அரக்கும் மெழுகுவர்த்தியும் கொண்டுவந்து வைத்தான்.

"அம்மா, நான் என்ன பண்ணட்டும், நீங்களே சொல்லுங்க" என்றார் என்னைப் பார்த்து.

"பத்து ஆகலையே" என்றேன். "இன்னும் ஆகலை. பத்துன்னு சொன்னேளே." அதையே மூன்று நான்கு தடவை சொன்னேன் என்று பிறகு என் பெண் சொன்னாள்.

பத்து மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கையில், கேட்டுக்கு வெளியே ஜட்கா வண்டி ஒன்று நின்றது. அதிலிருந்து கசங்கிய பட்டுப்புடைவையும் வாடிய மல்லிகையுமாக ஒரு பெண்மணி இறங்கி, செருப்புச் சத்தத்தோடு வேகமாக நடந்து வந்தார். நாற்பது வயது இருக்கும். நல்ல உயரம். "சிஸ்டர்!" என்று என் பெண் கத்தினாள். மூன்று நாளில் அவள் அழுதது அப்போதுதான்.

"நிறுத்து, நிறுத்து. யூனிபார்ம்ல அழக்கூடாது" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்து, மேஜைமேல் இருந்த நோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "எங்க அண்ணன் விடியறதுக்கு முன்னாடியே வந்து எழுப்பிட்டாரு. விசேஷ வீட்ல எல்லாரும் யாரோ போயிட்டாங்கன்னு பயந்துட்டாங்க."

ட்யூட்டர் தயங்கினார். "இவ்வளவும் உங்களுக்கு ஞாபகம் இருக்கா? இல்லாம போடக்கூடாது."

சிஸ்டர் நோட்டைப் புரட்டினார். "இந்தப் பதினாலாம் பெட் பெரியவரு, இவ வந்து கட்டு மாத்தினாத்தான் கையைக் காட்டுவாரு. இது, குளிப்பாட்டும்போது இவளைத் திட்டிக்கிட்டே இருந்தவரு." இறந்தவர்களைப் பற்றிய பக்கத்துக்கு வந்ததும் கொஞ்சம் நிறுத்தினார். "இந்த மூணு பேருக்கும் யாருமே வரலை. இவதான் இருந்தா. நான் பக்கத்துலதான் நின்னேன். எனக்கு மறக்குமா?" என்று சொல்லி, பேனாவுக்குக் கையை நீட்டினார். "ஒவ்வொரு பக்கமும் படிச்சுப் பாத்துத்தான் போடுவேன். பியூனை இருக்கச் சொல்லுங்க."

ட்யூட்டர் கடிகாரத்தைப் பார்த்தார். மெழுகுவர்த்தியை ஊதி அணைத்தார். "பதினோரு மணி. அதுக்குமேல ஒரு நிமிஷம் கிடையாது" என்றார்.

சிஸ்டர் உட்கார்ந்து முதல் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். மை காயட்டும் என்று ஊதிவிட்டுத் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார்.

"நீங்கதானே அம்மா? உக்காருங்க, இது முடிய நேரமாகும். நேத்து அந்த வெயில்ல வந்து நின்னவங்க, எங்க அண்ணி குடுத்த தண்ணியை வாங்கவே இல்லையாமே. ராத்திரியெல்லாம் அவங்களுக்கு அதே வருத்தமாம். பரவாயில்லை, உங்க பொண்ணையே கொண்டுவரச் சொல்றேன். இங்கயாவது ஒரு டம்ளர் குடிங்க."